உப்புக் காற்றும் இரும்புக் குழாயும்: கடலோரப் பழைய வீடுகளின் குழாய்ப் பராமரிப்பு

[காட்சி: உள்ளங்கையில் ஒரு துருப்பிடித்த குழாய்த் துண்டு]

இந்தத் துண்டைப் பாருங்கள். மண்டபம் ஊர்ப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டின் கிணற்றடியில் போன வாரம் அறுத்தெடுத்தது. அரை அங்குல ஜி.ஐ. குழாய், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். வெளியே லேசான துரு, அவ்வளவுதான். இப்போது வெளிச்சத்துக்கு நேராகத் திருப்புகிறேன். உள்ளே பென்சில்கூட நுழையாது, ஈர்க்குச்சிதான் போகிறது. வீட்டுக்காரர் தண்ணீர் ஏறவில்லை என்று மோட்டாருக்கு இரண்டு முறை காயில் கட்டிவிட்டார். மோட்டார் பாவம், என்ன செய்யும்?

ராமநாதபுரம் கடற்கரையில் குழாய்க்கு இரண்டு பக்கமும் அடி. வெளியே உப்புக் காற்று, உள்ளே போர்வெல்லின் உவர் நீர். இரும்பைக் காப்பது அதன் மேலுள்ள துத்தநாகப் பூச்சு. குழாயின் முனையில் மரை வெட்டும்போது அந்தப் பூச்சு போய்விடுகிறது. குழாயின் கனமும் அங்கே பாதியாகிறது. அதனால்தான் குழாய் நடுவில் ஓட்டையாவதைவிட இணைப்பில் ஒழுகுவது அதிகம். அந்த மரையில் பித்தளை வால்வை முடுக்கினால் இன்னும் மோசம். உப்பு நீரில் இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அது ஒரு சின்ன பேட்டரி. கரைவது இரும்பு, பித்தளை தப்பித்துக்கொள்ளும்.

[காட்சி: பச்சை படிந்த பழைய கேட் வால்வு]

இதுதான் வீட்டிலேயே முக்கியமான சாமான், யாரும் தொடாத சாமானும் இதுதான். தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் இருக்கும் கேட் வால்வு. பத்து வருடம் திறந்தே கிடந்தால் உள்ளே இருக்கும் தகடு உப்பேறி இறுகிவிடும். அவசரத்தில் ரெஞ்ச் போட்டுத் திருகினால் தண்டு முறியும்.

எனக்கே முறிந்திருக்கிறது. வேலை பழகிக்கொண்டிருந்த காலம், எங்கள் வீட்டிலேயே. இரவு பத்து மணிக்குச் சமையலறைக் குழாய் பிய்த்துக்கொண்டது. நான் வால்வை முறித்துவிட்டு விழித்துக்கொண்டு நின்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. தயிர் மத்தின் காம்பில் பழைய வேட்டித் துணியைச் சுற்றிக்கொண்டு மாடிக்கு ஏறினார். இடுப்பளவு சிமெண்டுத் தொட்டிக்குள் இறங்கி, தண்ணீர் வெளியேறும் வாயில் அதைச் செருகினார். நீரின் அழுத்தமே அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "விடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார்.

இறுகிய வால்வை எப்போதும் கையால் கால் சுற்று மூடி, கால் சுற்று திறந்து, கொஞ்சம் கொஞ்சமாக இளக்குங்கள். ஒருநாளில் இளகாவிட்டால் நாலு நாள் ஆகட்டும். மாற்றுவதாக இருந்தால் பிளாஸ்டிக் பால் வால்வு, அதாவது உள்ளே பந்து சுழன்று மூடும் வால்வு போடுங்கள். கைப்பிடி குழாயோடு நீளவாக்கில் இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது, குழப்பமே இல்லை. அம்மா அமாவாசைதோறும் அதை ஒருமுறை மூடித் திறக்கிறார்.

[காட்சி: சைக்கிள் டியூப், தூண்டில் நரம்பு]

குழாய் வெடித்துவிட்டது, கடை மூடிவிட்டது, என்ன செய்வது? முதலில் மோட்டார் சுவிட்சை அணையுங்கள். தண்ணீர் சுவரில் இறங்கி சுவிட்ச் போர்டை நனைத்திருந்தால் மெயினையே அணைத்துவிடுங்கள், ஈரக்கையோடு வேண்டாம். பிறகு வால்வு. பிறகு இந்த டியூப்.

நீளவாக்கில் வெட்டிய பட்டையை ஓட்டைக்கு ஒரு சாண் முன்னாலேயே ஆரம்பித்து, நன்றாக இழுத்து இழுத்து, ஒன்றின்மேல் பாதி ஒன்று ஏறும்படி சுற்றுங்கள். இழுப்பில்தான் எல்லாம் இருக்கிறது. தளர்வாகச் சுற்றினால் பூமாலை போட்டதற்குச் சமம். மேலே நைலான் நரம்பால் நெருக்கமாக வரிந்து கட்டுங்கள். வலை கட்டத் தெரிந்தவர் வீட்டில் இருந்தால் அவரிடமே கொடுத்துவிடுங்கள். இது இரண்டு நாளைக்குத் தாங்கும். இரண்டு வருடம் அப்படியே விட்டிருக்கும் வீடுகளையும் பார்த்திருக்கிறேன், அது வேறு கதை. எம்-சீல் வைப்பதாக இருந்தால் துருவைச் சுரண்டி, முற்றிலும் உலர்ந்த பிறகுதான் வைக்க வேண்டும். ஒழுகும் குழாயில் அப்பினால் ஒட்டாது.

மறுநாள் பழைய இணைப்பைக் கழற்றும்போது ஒரே ரெஞ்சால் திருகாதீர்கள். ஒன்று திருப்ப, இன்னொன்று எதிர்ப்பக்கக் குழாயை அசையாமல் பிடிக்க. இல்லையென்றால் இங்கே கழல வேண்டியது சுவருக்குள்ளே முறியும். கீழக்கரை, பாம்பன் பக்கத்துப் பழைய வீடுகளில் பவளக்கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்த தடித்த சுவர்கள் உண்டு. அவற்றை உடைத்துக் குழாய் தேடுவதைவிட, புதுக் குழாயைச் சுவருக்கு வெளியே ஓட்டிவிடுவது நல்லது. அழகு குறையும், ஆனால் ஒழுகினால் கண்ணில் படும். யு.பி.வி.சி. என்கிற பிளாஸ்டிக் குழாய் வெயிலில் நொறுங்கும், அதனால் வெளியில் ஓடும் பகுதிக்கு ஒரு கோட் பெயிண்ட் அடியுங்கள்.

சுவர் ஈரமென்றாலே குழாய் ஒழுகுகிறது என்று முடிவு கட்ட வேண்டாம். தரையிலிருந்து இடுப்பளவுக்கு வெள்ளையாகப் பூத்து, சுண்ணாம்பு பொரிந்து உதிர்ந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் உப்பு. ஐயமிருந்தால் இரவில் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டி நீர்மட்டத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள். காலையில் நீர் கோட்டுக்குக் கீழே இறங்கியிருந்தால்தான் ஒழுக்கு.

சொட்டுதானே என்று விடுபவர்களுக்கு ஒரு கணக்கு. சொட்டும் குழாயடியில் 200 மில்லி டம்ளரை வையுங்கள். பத்து நிமிடத்தில் நிறைந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 29 லிட்டர். இரண்டு குடம். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி நல்ல தண்ணீருக்குப் போகும் பெண்கள் உள்ள ஊரில் இரண்டு குடம் என்றால் என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

[காட்சி: தெருக் குழாய், பக்கத்தில் சாக்கடை]

திருச்சிப் பக்கம் காவிரியில் எடுத்த கூட்டுக் குடிநீர் இத்தனை தூரம் தாண்டி நம் தெருவுக்கு வருகிறது. ஆனால் நாள் முழுவதும் வருவதில்லை. வரத்து நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கி, உள்ளிழுக்கும் நிலைகூட உண்டாகும். தண்ணீர் ஓடும்போது வெளியே கசிந்த அதே ஓட்டை, நின்றதும் சாக்கடையை உறிஞ்சிக்கொள்ளும். தெருக் குழாயில் நேரடியாக மோட்டார் வைப்பவர்கள் இந்த உறிஞ்சலை இன்னும் பலமாக்குகிறார்கள். அக்கம்பக்கத்தார் குடிநீரில் அழுக்கு கலக்க அதுவே போதும். நல்ல தண்ணீர்க் குழாயை சாக்கடைக்குக் குறுக்கே கொண்டுபோயிருந்தால் இந்த வீடியோவில் சொன்ன எல்லாவற்றுக்கும் முன்னால் அதை மாற்றுங்கள். போர் தண்ணீரையும் காவிரித் தண்ணீரையும் ஒரு வால்வை நடுவில் வைத்து இணைக்கவும் வேண்டாம். வால்வு கசிந்தால் குடம் உவர்த்துப் போகும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி நீர் மேலே வரும்போது கழிவுநீர்த் தொட்டி நிறைந்து கழிப்பறை எதிர்த்துக்கொண்டு வரலாம். அந்த நேரத்தில் தொட்டியை அடிவரை உறிஞ்சி எடுத்தால், சுற்றியுள்ள நீரின் அழுத்தத்தில் சுவர் விரிசல் விடும். பிளாஸ்டிக் தொட்டியாக இருந்தால் மண்ணைப் பிளந்து மிதந்தே வரும். தண்ணீர் வடியும்வரை உபயோகத்தைக் குறைத்து, கோடையில் லாரி வைத்து எடுங்கள். உள்ளே ஆளை இறக்காதீர்கள். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் இருக்கட்டும், உள்ளே தேங்கும் வாயு இறங்கியவரை மட்டுமல்ல, காப்பாற்ற இறங்குபவரையும் கொண்டுபோய்விடும்.