அவன் சட்டை

வணக்கம் நேயர்களே. கும்பகோணத்துலேர்ந்து வந்திருக்கேன், ஒரு படத்தப் பத்தி பேசணும். பேரு ‘ஆன்ஹெல்69’, கொலம்பியால மெடலின்ங்கிற ஊர்ல தியோ மோன்டோயான்னு ஒருத்தர் எடுத்து 2022ல வெனிஸ்ல காட்டுன படம்.

அவரு முதல்ல எடுக்க நெனச்சது பேய்ப்படம். அதுக்கு ஆள் தேடறப்ப தன் ஊர்ப் பசங்கள, பால்புதுமையர் பசங்கள (ஆணை நேசிக்கிற ஆண் மாதிரி, வழக்கமான ஆண்-பெண் கட்டத்துக்குள்ள அடங்காதவங்க; நம்ம அரசிதழ்லயே 2022ல வந்த சொல்லு இது), கேமரா முன்னாடி உக்கார வச்சுப் பேச விட்டிருக்காரு. ஹீரோவா தேர்ந்தெடுத்த பையன் ஹெராயின் அளவு மீறிப்போய் செத்துட்டான், 21 வயசு. வேற நண்பர்களும் போய்ட்டாங்க. மிச்சமிருந்த அந்தப் பேச்சு, பார்ட்டில புடிச்ச வீடியோ, அந்தப் பேய்ப்படத்துக் காட்சிகள நடிச்சு எடுத்தது, எல்லாத்தையும் ஒண்ணாக் கோத்திருக்காரு. டைரக்டர் சவப்பெட்டிக்குள்ள கெடந்து பேசறாரு, அந்தப் பெட்டிய ஏத்திக்கிட்டுப் போற சவ வண்டிய ஓட்டறது அந்த ஊர் மூத்த டைரக்டர் விக்டர் காவிரியா.

இது நெசமா நடிப்பான்னு கேக்கலாம். நம்ம பக்கம் ஒப்பாரி வைக்கிற ஆயா செத்தவரு பட்ட கடன உள்ளபடி சொல்லும், அடுத்த அடியிலயே அவர தங்கப் பல்லக்குல ஏத்திரும், அத யாரும் பொய்னு சொன்னதில்ல.

எனக்கு ஒரு ஃபிரெண்டு இருந்தான், திருவாரூர் பக்கம். அவன் போனப்ப தெருமுனையில கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் வச்சாங்க, சொந்தக்காரங்க பேரெல்லாம் போட்டு. அவங்கூட ஆறு வருஷம் வாழ்ந்தவன் பந்தலுக்கு வெளிய செருப்பக் கூட கழட்டாம நின்னுட்டிருந்தான், யாராவது கேட்டா ஒரே ஆபீஸ்னு சொல்லிக்கிட்டு. பதினாறாம் நாள் காரியத்துக்கு அவனுக்கு யாரும் சொல்லி விடல. செத்தவன் ஃபோன்ல இருந்த போட்டோவெல்லாம் அழிச்சாச்சு. கல்யாணம் ஆகாமப் போன புள்ளன்னு வருஷா வருஷம் வேட்டி சட்ட வச்சுப் படைக்கிறாங்க, அந்த அம்மா அழுகைய நான் கொறச்சு சொல்லமாட்டேன், ஆனா அங்க படைக்கிறது அவங்களுக்குத் தெரிஞ்ச புள்ளைக்கு மட்டுந்தான், எங்களுக்குத் தெரிஞ்சவனுக்கு அங்க எலையே இல்ல.

377ஆவது பிரிவு விஷயத்துல 2018லயே சுப்ரீம் கோர்ட்டு ஆணும் ஆணும் மனசொத்து வாழறது குத்தமில்லன்னு சொல்லிருச்சு. அதுக்கப்புறமும் பந்தலுக்கு வெளிய நின்ன இவனால வாய் விட்டு அழ முடியல.

அதனாலதான் இந்த மாதிரி கலந்து எடுக்கிற படம் நமக்கு வேணும்னு நெனைக்கிறேன். போட்டோ இல்ல, கடுதாசி இல்ல, முகத்தக் காட்டுனா வேல போயிரும். நடிச்சுத்தான் ஆகணும். அவன்கிட்ட இப்ப மிச்சம் செத்தவனோட ஒரு கட்டம் போட்ட சட்டதான். அதப் போட்டுக்கிட்டு யாராவது அரசலாத்துப் படித்துறையில முதுகு காட்டி உக்காரணுமாம், பக்கத்துல உக்காந்து அவன் பேசணுமாம். நான் போட்டுக்கறேன்னு சொல்லியிருக்கேன். மேட்டூர் தொறந்து தண்ணி வந்ததும் எடுக்கப் போறோம்.