உங்கள் செய்தியை யார் திருத்துவார்?

இதழியல் மாணவ நண்பர்களுக்கு வணக்கம்.

இன்னும் சற்று நேரத்தில் வெளியே வேலைவாய்ப்பு முகாமின் ஸ்டால்கள் திறந்துவிடும். பெயர்பெற்ற தொலைக்காட்சிகளின் மேசைகளில்தான் கூட்டம் மொய்க்கும். நீங்களும் பயோடேட்டா கட்டோடு அங்கே போய் நிற்பீர்கள். தாராளமாக நில்லுங்கள். ஆனால் எந்த மேசைக்குப் போனாலும் ஒன்றை மறக்காமல் கேளுங்கள்: "என் செய்தியை இங்கே யார் திருத்துவார்?"

சம்பளம், பயிற்சிக் கால ஊதியம், வேலை நேரம், எல்லாவற்றையும் கூச்சப்படாமல் கேட்கத்தான் வேண்டும். அதோடு சேர்த்து இதையும் கேளுங்கள். செய்தி டெஸ்கில், அதாவது செய்திகளைச் செம்மைப்படுத்தும் பிரிவில் உட்கார்ந்து, புதியவர்கள் எழுதித்தரும் செய்திகளைத் திருத்துவதே என் தொழில். முதல் ஒன்றிரண்டு வருடத்தில் ஒரு நிருபரை உருவாக்குவது அந்தத் திருத்தம்தான் என்று உறுதியாக நம்புகிறேன்.

ஒரு மாணவி தன் கல்லூரி விழாவைப் பற்றி எழுதிக் கொண்டுவந்தார். முதல் பத்தி முழுக்க மேடையில் இருந்தவர்களின் பெயர்கள். இரண்டாவதில் வரவேற்புரை, மூன்றாவதில் வாழ்த்துரை. ஏழாவது பத்தியில் ஒரே ஒரு வரி: அடுத்த மாதத்திலிருந்து நூலகத்தை மாலை நேரத்தில் மூடப்போவதாகக் கல்லூரி முதல்வர் அறிவித்தார். அந்த வரியை அடிக்கோடிட்டு, "எத்தனை மாணவர்கள் மாலையில் அங்கே படிக்கிறார்கள்? ஏன் மூடுகிறார்கள்? மூடினால் அவர்கள் எங்கே போவார்கள்?" என்று கேட்டேன். போய் விசாரித்து எழுதிவந்தார். விழா கடைசிப் பத்திக்குப் போய்விட்டது. இப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒருவர் இருக்கும் அலுவலகம் சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை, அங்கே சேருங்கள்.

அமெரிக்க நிருபர் பாப் வுட்வர்டை எல்லோருக்கும் அதிபர் மாளிகை வரை எட்டிய வாட்டர்கேட் ஊழல் செய்திகள் மூலமாகத் தெரியும். அதற்கு முந்தைய கதைதான் உங்களுக்கு முக்கியம். 1970-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' நாளிதழ் அவருக்கு இரண்டு வாரம் சோதனை முறையில் வேலை கொடுத்தது. அவர் எழுதியதில் ஒன்றுகூட அச்சேறவில்லை. அங்கிருந்து 'மான்ட்காமரி கவுன்டி சென்டினல்' என்ற உள்ளூர் வார இதழுக்குப் போய், ஒரு வருடம் எழுதிப் பழகினார். 1971-ல் அதே போஸ்ட் அவரைச் சேர்த்துக்கொண்டது. 1972 ஜூனில், வாட்டர்கேட் கட்டடத்துக்குள் புகுந்து பிடிபட்ட ஐந்து பேரை நீதிமன்றத்தில் நிறுத்தியபோது அவர் அங்கே இருந்தார். முன்பு எங்கே வேலை பார்த்தாய் என்று நீதிபதி கேட்க, ஒருவர் தணிந்த குரலில் அமெரிக்க உளவு அமைப்பான "சி.ஐ.ஏ."வின் பெயரைச் சொன்னது வுட்வர்டின் காதில் விழுந்தது. அதிபர் நிக்சன் 1974-ல் பதவி விலகியதெல்லாம் அப்புறம் நடந்தது. வழக்கமான ஒரு கோர்ட் வேலையை அக்கறையோடு பார்க்கும் பழக்கம் அவருக்கு முன்பே வந்திருந்தது.

எழுத்தில் மட்டும்தான் வேலை என்றும் நினைத்துவிடாதீர்கள். வெளிநாடுகளில் பலர் ரகசியமாக வைத்திருந்த நிறுவனங்களை அம்பலப்படுத்தி 2016-ல் வெளிவந்த பனாமா ஆவணங்களில் 1 கோடியே 15 லட்சம் கோப்புகள் இருந்தன. 370-க்கும் அதிகமான பத்திரிகையாளர்கள் சேர்ந்து அலசினார்கள். அவற்றைத் தேடிப் படிக்கும்படி ஒழுங்குபடுத்திக் கொடுத்த தொழில்நுட்பக் குழு இல்லாவிட்டால் அது சாத்தியமே இல்லை. எக்செல் நன்றாகத் தெரிந்தவர்கள் அதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

சரி, கையில் என்ன கொண்டுபோவது? நீங்களே விசாரித்து எழுதிய இரண்டு செய்திகள் போதும். யாரிடம் பேசினீர்கள், எதை எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டால் தடுமாறாமல் சொல்லத் தெரிய வேண்டும். 'எழுதுவதில் பேரார்வம் உண்டு' என்ற வரி எல்லாப் பயோடேட்டாவிலும் இருக்கிறது, தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

பேசியவரின் பெயரையும் பொறுப்பையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். இன்றிரவே அவருக்குச் சுருக்கமாக ஒரு மின்னஞ்சல் அனுப்பி, உங்கள் செய்திகளில் ஒன்றை இணைத்து, எந்த இடத்தைத் திருத்துவார் என்று கேளுங்கள். அனுப்பும் முன் அவர் பெயரில் எழுத்துப்பிழை இல்லையே என்று ஒருமுறை பாருங்கள். டெஸ்கில் இருப்பவர் கண்ணில் முதலில் படுவது அதுதான்.