வேட்டிப் பெட்டிக்குள் அடங்காத பிஸ்டல்

வணக்கம், கும்பகோணத்திலிருந்து பேசுகிறேன்.

(அட்டைப் பெட்டியைத் தூக்கிக் காட்டி) இதைப் பாருங்கள். தீபாவளிக்கு வந்த வேட்டிப் பெட்டியை வெட்டி நேற்று ராத்திரி நான் ஒட்டியது. நீளம் எட்டே முக்கால் அங்குலம், உயரம் ஆறு, அகலம் ஒன்றரைக்குச் சற்று மேலே. சென்டிமீட்டரில் 22.2, 15.2, 4.1. ஐடிபிஏ என்கிற தற்காப்புத் துப்பாக்கிப் போட்டியில் முக்கியமான பிரிவுகளுக்கு இதுதான் அளவு. நீங்கள் கொண்டுபோகிற மேகசின்களில், அதாவது தோட்டா அடுக்குகிற கூடுகளில், பெரியதை மாட்டிய நிலையில் பிஸ்டல் இந்தப் பெட்டிக்குள் அடங்க வேண்டும். மூடி மேலே தூக்கினால் அந்தப் பிரிவில் சுட முடியாது, அவ்வளவுதான்.

ஏன் இந்தக் கெடுபிடி? ஐடிபிஏ 1996ல் அமெரிக்காவில் தொடங்கியது. அதற்கு முன்பே வேகமாகச் சுடுகிற போட்டிகள் அங்கே இருந்தன. ஆனால் போகப் போகப் பந்தயத்துக்கென்றே இழைத்த துப்பாக்கிகள் வந்து நிறைந்துவிட்டன. குழல் முனையில் உதையைக் குறைக்கிற காம்பன்சேட்டர், இடுப்பில் திறந்த உறை என்று, ஒரு மனிதன் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வெளியே போக முடியாத சாமான்கள். தினமும் இடுப்பில் இருக்கிற கருவியை வைத்துத்தான் சுட வேண்டும் என்று சிலர் பிரிந்து வந்து எழுதியதுதான் இந்த விதிகள். காம்பன்சேட்டர் கூடாது என்பதும், கம்பெனி வைத்த பாதுகாப்புப் பூட்டைக் கழற்றவோ முடக்கவோ கூடாது என்பதும் அப்படி வந்தவைதான்.

பிரிவுகளைப் புரிந்துகொள்ள நம் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து மாட்டுவண்டிப் பந்தயம் போதும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து ஓட்டுகிறோம் அல்லவா, பூஞ்சிட்டைப் பெரிய மாட்டோடு யாரும் பூட்டுவதில்லை. இங்கேயும் கடையில் வாங்கியபடியே ஏறக்குறைய இருப்பது ஸ்டாக் சர்வீஸ், கூடுதல் வேலைப்பாட்டுக்கு இடம் கொடுப்பது என்ஹான்ஸ்ட் சர்வீஸ், .45 தோட்டாவுக்கு மேகசினில் எட்டுக்கு மேல் போகாத கஸ்டம் டிஃபென்சிவ். காம்பாக்ட் கேரி நம் பூஞ்சிட்டு, அதன் பெட்டியின் நீளமே ஏழே முக்கால் அங்குலம்தான். ரிவால்வருக்கும், சிவப்புப் புள்ளிக் குறிபார்ப்பானுக்கும் தனித்தனிப் பிரிவு உண்டு.

எனக்குப் பிடித்த விதி பவர் ஃபேக்டர். தோட்டாவில் மருந்தைக் குறைத்தால் கையில் உதை குறையும், அடுத்த குண்டைச் சீக்கிரம் விடலாம். நம் ஆட்களுக்குச் சொல்லியா தர வேண்டும், இதை உலகம் முழுக்கச் செய்வார்கள். அதனால் ஒரு கணக்கு வைத்தார்கள். குண்டின் எடையை கிரெய்ன் என்கிற சின்ன எடை அளவிலும் வேகத்தை விநாடிக்கு இத்தனை அடி என்றும் எடுத்துப் பெருக்கி, ஆயிரத்தால் வகு. 124 கிரெய்ன் குண்டு 1,100 அடி வேகத்தில் போனால் 136.4 வரும். ஸ்டாக் சர்வீஸில் 125 தொட்டால் போதும், ஆக இது தேறிவிடும். அதே குண்டு 1,000 அடியில் போனால் 124. ஒரே ஒரு புள்ளியில் போச்சு.

உறையும் பொழுதுக்கும் இடுப்பில் கிடக்கக்கூடிய உறையாக இருக்க வேண்டும், மேலே சட்டையோ கோட்டோ மூடியிருக்க வேண்டும். கையைப் பக்கவாட்டில் விரித்து நின்றாலும் துப்பாக்கி எட்டிப் பார்க்கக் கூடாது. சட்டையை வெளியே விட்டுத் திரிகிற நம் ஊர்க்காரர்களுக்கு இதில் சிரமமே இல்லை.

சரி, நாம் இதில் இறங்கலாமா என்றால், அங்கே அதிகம் புழங்குகிற 9 எம்எம் இங்கே தடை செய்யப்பட்ட ரகம், சாதாரண ஆளுக்கு லைசென்ஸ் கிடைக்காது. டெல்டாவில் துப்பாக்கி ஆசை வந்தவர்கள் பெரும்பாலும் திருச்சிக்கு பஸ் ஏறி காற்றழுத்தத்தில் சுடுகிற 10 மீட்டர் ஏர் பிஸ்டலில்தான் ஆரம்பிக்கிறோம். அதற்கும் பெட்டி உண்டு, 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர். எடை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது, ட்ரிகர் குறைந்தது 500 கிராமைத் தாங்க வேண்டும். குழலை நேர் மேலே நிமிர்த்தி, ட்ரிகரில் எடையைத் தொங்கவிட்டுத் தூக்கிப் பார்ப்பார்கள். டிக் என்று ட்ரிகர் விடுபட்டால் தேறவில்லை என்று அர்த்தம்.

இங்கேதான் நான் மாட்டினேன். முதல் போட்டிக்கு முன்னால் தெருமுனை மளிகைக் கடையில் அரைக் கிலோ எடைக்கல்லை இரவல் வாங்கி, அதைக் கட்டித் தொங்கவிட்டு, சரியாகத் தாங்குகிற மாதிரி ஸ்க்ரூவைத் திருகி வைத்துக்கொண்டு ஜம்மென்று போனேன். அங்கே நடுவர் எடையைத் தூக்கியதும் டிக் என்று சத்தம். மூன்று தடவையும் டிக். நல்லவேளை, அது போட்டிக்கு முந்தைய சோதனை, சரிசெய்து மறுபடி காட்ட விட்டார்கள். சுட்டு முடித்த பிறகு வருகிற சோதனையில் இப்படி ஆகியிருந்தால் தகுதி நீக்கம்தான்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கல்லை, நகைக்கடையில் வேலை பார்க்கும் மாமாவிடம் கொடுத்து நிறுக்கச் சொன்னேன். 486 கிராம். அந்தக் கடையில் எத்தனை வருஷமாகத் துவரம்பருப்பு வாங்குகிறோம் என்று அம்மா விரல்விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்.