வெள்ளிக்காசும் அது கிடந்த குழியும்

நண்பர்களே, வணக்கம்.

மெட்டல் டிடெக்டரைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும் வாசலிலேயே ஒருவர் என்னை நிறுத்திவிட்டார். "ஐயா, பழைய வெள்ளிக்காசு ஒன்று கிடைத்தால் எவ்வளவு போகும்?" என்றார். அதற்குப் பதிலை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓரம் தேய்ந்த ஒற்றைக் காசு பெரும்பாலும் பெரிதாக ஒன்றும் போகாது. மாதக்கணக்கில் வயலில் நடந்ததற்குச் செருப்புத் தேய்மானக் கணக்கே கட்டி வராது. பணத்துக்காக இதில் இறங்கினால் கருவி வாங்கிய காசைக்கூட எடுப்பது கஷ்டம்.

இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை யாருமே கேட்பதில்லை. அந்தக் காசு எத்தனை அங்குல ஆழத்தில் கிடந்தது, பக்கத்தில் என்ன இருந்தது? இன்றைக்கு நான் பேச வந்ததே அதைப் பற்றித்தான்.

முதலில் கருவி. 1881 ஜூலை 2 அன்று அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். குண்டு உடலுக்குள் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. எக்ஸ்ரே வராத காலம். டெலிபோன் தந்த அலெக்சாண்டர் கிரஹாம் பெல், உலோகம் பக்கத்தில் வந்தால் சத்தம் கொடுக்கும் கருவி ஒன்றைத் தூக்கிக்கொண்டு வெள்ளை மாளிகைக்குப் போனார். அதிபர் படுத்திருந்த மெத்தைக்கு அடியில் இருந்த உலோக ஸ்பிரிங் சிக்னலைக் குழப்பிவிட்டது. போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறதென்று மருத்துவர் பிடிவாதமாக நின்று, அந்தப் பக்கம் மட்டுமே தேட விட்டார். குண்டோ இடப்பக்கம் இருந்தது. செப்டம்பர் 19 அன்று அதிபர் இறந்துபோனார். இரும்பு வேலிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு கருவியைத் திட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்தக் கட்டில்தான் ஞாபகத்துக்கு வரும்.

இரண்டாம் உலகப்போரில் போலந்து ராணுவ அதிகாரி யூசெஃப் கோசாட்ஸ்கி, கையில் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய, கண்ணிவெடி தேடும் கருவியை உருவாக்கினார். 1942-இல் எல் அலமெய்ன் மணலில் வெடிகளைத் தேடியது அதுதான். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துக்கட்டிய கருவிகள் கைமாறிக் கைமாறிப் பொதுமக்களிடம் வந்தன. வெடியைத் தேடிய காயில், அதாவது கருவியின் அடியில் இருக்கும் கம்பிச்சுருள், காசைத் தேட ஆரம்பித்தது.

அது வேலை செய்யும் விதத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காயிலில் மாறுமின்னோட்டம் ஓடுகிறது, அது மண்ணுக்குள் ஒரு காந்தப்புலத்தை அனுப்புகிறது. அங்கே உலோகம் இருந்தால் அதற்குள் சுழல் மின்னோட்டம் கிளம்பி, தன் பங்குக்கு ஒரு சின்னக் காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். எல்லா உலோகங்களிலும் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது வெள்ளி. அதனால் அதன் பதில் சற்றுத் தாமதித்து, தெளிவாக வரும். திரையில் பெரிய எண் காட்டும், ஹெட்போனில் கணீரென்று மணி அடிக்கும். அந்த ஒலியை ஒருமுறை கேட்டவர் வாழ்நாளில் மறக்கமாட்டார்.

ஆனால் இதிலும் ஏமாற்று உண்டு. துருப்பிடித்த இரும்பு வளையம் சில நேரம் வெள்ளி மாதிரியே பேசும். பானக் கேனின் அலுமினிய வளையம் பல பேருடைய ஞாயிற்றுக்கிழமையைத் தின்றிருக்கிறது. மெல்லிசான, நறுக்குப்பட்ட பழைய வெள்ளிக்காசு இருக்கிறதே, அது பெரிய எண் காட்டாது, தயங்கித் தயங்கி முனகும். கணீர் ஒலிக்கு மட்டுமே குனிகிறவர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சிக்னல் வந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடனே மண்வெட்டியைப் போடக்கூடாது. தொண்ணூறு பாகை திரும்பி நின்று, காயிலை இன்னொரு வாட்டத்தில் வீசிப் பார்க்க வேண்டும். இரண்டு வாட்டத்திலும் ஒரே இடத்தில் ஒரே ஒலி வந்தால் நம்பலாம். புல்தரையாக இருந்தால் மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நாலாவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டுவிட்டு, புல்லோடு மண்ணைப் பெயர்த்து மடக்க வேண்டும். தோண்டிய மண்ணை ஒரு துணியில் கொட்டிக்கொள்ள வேண்டும். பின்பாயிண்டர் என்ற சின்னக் கைக்கருவியைக் குழிக்குள் விட்டுத் துழாவினால், மண்கட்டியின் விளிம்பில் நகத்தளவு சாம்பல் நிறம் எட்டிப்பார்க்கும். இந்த இடத்தில்தான் கட்டைவிரல் தானாக எழும், தேய்த்துப் பார்க்க.

நானும் தேய்த்தேன். அனுமதி வாங்கிய வயல்தான், நல்ல காசுதான். ஈரமண்ணில் மணல் கலந்திருந்தது. எழுநூறு வருஷம் மண்ணுக்குள் ஒன்றும் ஆகாமல் கிடந்த ராஜாவின் கன்னத்தில் இரண்டே நொடியில் குறுக்கே கோடு போட்டுவிட்டேன். இன்றும் அந்தக் கீறல் அப்படியே இருக்கிறது. வெள்ளி கறுத்திருக்கிறதா, கறுத்தே இருக்கட்டும். சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டு, மண் தானாக இறங்கட்டும். அதற்கு மேல் எதுவும் தெரிந்தவர் கை செய்ய வேண்டிய வேலை.

அந்தச் சின்னக் காசு என்ன சொல்லும் என்று கேட்பீர்கள். இங்கிலாந்தின் பழைய வெள்ளிப் பென்னி ஒன்றரை கிராம்கூட இருக்காது. அதன் பின்புறச் சிலுவையின் கைகள் முன்பெல்லாம் குட்டையாக இருந்தன. ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கி வெள்ளியைத் திருடுகிறவர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. 1247-இல் மூன்றாம் ஹென்றி காலத்தில் சிலுவையின் கைகளை விளிம்புவரை நீட்டினார்கள். நறுக்கினால் கை குறைந்து காட்டிக்கொடுத்துவிடும் என்று நினைப்பு. (நறுக்குகிறவன் அப்போதும் நறுக்கினான்.) அரைப் பென்னி வேண்டுமென்றால் அந்தச் சிலுவைக் கோட்டிலேயே காசை இரண்டாக வெட்டுவார்கள், கால் பென்னிக்கு நான்காக. 1279-இல் முதலாம் எட்வர்டு வட்டமான சில்லறை அடிக்கத் தொடங்கும்வரை இதுதான் சில்லறை. பொறுக்கி எடுப்பவர்கள் "உடைந்த காசு" என்று தூக்கிப் போடுகிற அந்த அரைத்துண்டும் கால்துண்டும் ஒரே மேட்டில் பத்துப் பதினைந்து கிடைத்தால், அங்கே சில்லறை புழங்கியிருக்கிறது, சந்தை கூடியிருக்கலாம் என்று யோசிக்க ஆரம்பிக்கலாம். எந்த மேடு என்று குறித்து வைத்திருந்தால்தான் அதுவும்.

இனி, எனக்கு மிகவும் பிடித்த கதைக்கு வருகிறேன். 1992 நவம்பர் 16. இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் ஹாக்ஸ்ன் என்ற கிராமம். ஒரு விவசாயி தன் சுத்தியலை வயலில் தொலைத்துவிட்டார். டிடெக்டர் வைத்திருந்த நண்பரைக் கூப்பிட்டுத் தேடச் சொன்னார். சுத்தியல் தேடப் போன மனிதருக்கு வெள்ளிக் கரண்டி, தங்கச் சங்கிலி, காசு, காசு, இன்னும் காசு! கொஞ்சம் எடுத்தார். அப்புறம் அவர் செய்த காரியத்தைக் கவனியுங்கள்: தோண்டுவதை நிறுத்திவிட்டார். உரியவர்களுக்குத் தகவல் போனது. மறுநாள் தொல்லியல் ஆட்கள் வந்து முறையாக எடுத்தார்கள்.

ஏறக்குறைய 15,000 காசுகள். அவற்றில் 500-க்கும் மேல் தங்கம், மற்றவை அநேகமாக வெள்ளி. எண்ணிக்கையை விடுங்கள். எடுத்த விதத்தால் என்னென்ன தெரிந்தது பாருங்கள். மக்கிப்போன மரம் மண்ணில் விட்ட தடத்தை வைத்து, எல்லாம் ஒரு ஓக் மரப்பெட்டிக்குள் இருந்தன என்று கண்டுபிடித்தார்கள். பெட்டிக்குள் சிறு பெட்டிகள், அவற்றுக்குக் குட்டி வெள்ளிப் பூட்டுகள். சாமான்கள் உரசாமலிருக்க வைக்கோலும் துணியும் வைத்துப் பதமாக அடுக்கியிருக்கிறார்கள். அவசரத்தில் அள்ளிப் புதைத்தது இல்லை, யாரோ நிதானமாக உட்கார்ந்து மூட்டை கட்டியிருக்கிறார்கள். கடைசிக் காசு கி.பி. 407-408 வாக்கில் அடித்தது. அதாவது ரோம அதிகாரம் பிரிட்டனைவிட்டு நழுவிக்கொண்டிருந்த காலம். வெள்ளிக்காசுகளில் பெரும்பாலானவற்றின் ஓரம் நறுக்கப்பட்டிருந்தது. புதுக்காசு வரத்து நின்றுபோன நாட்டில், இருக்கிற காசைச் செதுக்கிச் செதுக்கிப் பிழைப்பு ஓடியிருக்கிறது. அந்த மனிதர் மண்வெட்டியை நிறுத்தாமல் எல்லாவற்றையும் சாக்கில் அள்ளியிருந்தால் நமக்குப் பதினைந்தாயிரம் காசு மிஞ்சியிருக்கும். பெட்டியும் வைக்கோலும் அடுக்கிய கையும் போயிருக்கும். அவருக்கு நஷ்டமும் இல்லை, பரிசுத்தொகையாக 17.5 லட்சம் பவுண்டு கிடைத்தது, அதில் விவசாயிக்கும் பங்கு கொடுத்தார். அந்தச் சுத்தியலும் பிறகு கிடைத்தது. இப்போது அது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது!

இதற்கு நேர் எதிராக ஒன்று. 1980-களில் சர்ரே பகுதியில் வான்பரோ என்ற ஊரில் ஒரு பழங்காலக் கோயில் இருந்த இடம் தெரியவந்தது. சேதி கசிந்தது. ராத்திரியோடு ராத்திரியாக டிடெக்டருடன் வந்து குழி குழியாகத் தோண்டி, ஆயிரக்கணக்கான காசுகளை அள்ளிக்கொண்டு போனார்கள். இப்படிப்பட்டவர்களை அங்கே 'நைட்ஹாக்' என்பார்கள், இராத்திரிப் பருந்து. தண்டிக்கப் போனால் சட்டம் காலை வாரியது. திரும்ப எடுக்கும் எண்ணத்தோடு புதைத்தால்தான் பழைய சட்டப்படி அது புதையல். சாமிக்குப் போட்ட காணிக்கையை யார் திரும்ப எடுப்பார்கள்? இந்த ஓட்டையை அடைக்கப் பிறந்ததுதான் 1996-இன் புதையல் சட்டம். அதன்படி பழைய தங்கமோ வெள்ளியோ புதையலாகக் கிடைத்தால் 14 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஒற்றைக் காசு பொதுவாகப் புதையலில் சேராது. அதையும் தாங்களாகவே கொண்டுவந்து பதிவு செய்ய 1997-இல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். இதுவரை 15 லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியிருக்கின்றன, பெரும்பாலும் டிடெக்டர்காரர்கள் கொண்டுவந்தவை. ஆனால் பாதுகாக்கப்பட்ட தொல்லியல் சின்னம் உள்ள இடத்தில் அனுமதியில்லாமல் கருவியைத் தூக்கிப்போவதே அங்கே குற்றம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். தோண்டும் முன் அதைப் படிப்பதும், நிலத்துக்காரரிடம் கேட்பதும் கருவியைச் சார்ஜ் போடுவது மாதிரி, இல்லாமல் கிளம்பக்கூடாது.

தொல்லியல்காரர்கள் இந்தக் கருவியை ரொம்ப நாள் திருடன் கைச் சாவியாகத்தான் பார்த்தார்கள். அந்தப் பார்வையை அசைத்ததில் அமெரிக்காவின் லிட்டில் பிக்ஹார்ன் போர்க்களத்துக்கு நல்ல பங்கு உண்டு. 1876 ஜூனில் அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் படை லகோட்டா, செயேன் பழங்குடி வீரர்களிடம் அழிந்த மேடு. 1983-இல் ஒரு காட்டுத்தீ புல்லையெல்லாம் எரித்துவிட்டது. மறுவருஷம் தன்னார்வலர்கள் டிடெக்டருடன் வரிசையாக நின்று, அடி அடியாக நகர்ந்தார்கள். சிக்னல் வந்தால் தோண்டவில்லை, ஒரு சின்னக் கொடி நட்டுவிட்டு அடுத்த அடி வைத்தார்கள். பின்னால் வந்தவர்கள்தான் ஒவ்வொரு கொடிக்கும் அளவெடுத்து, படம் குறித்து, அப்புறம் தோண்டினார்கள்.

கிடைத்தவற்றில் தோட்டாவும் தோட்டா உறையும் நிறைய. துப்பாக்கியின் ஊசி உறையில் குத்துகிற தடம் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் வேறு. போலீஸ் பரிசோதனை மாதிரியே அவற்றை ஒப்பிட்டார்கள். இந்த மேட்டில் சுட்ட அதே துப்பாக்கி, கொஞ்ச நேரம் கழித்து அந்தச் சரிவில் சுட்டிருக்கிறது. பேர் தெரியாத ஒரு வீரன் நூறு வருஷத்துக்கு முன்னால் எந்தப் பக்கம் ஓடினான், எங்கே நின்று மறுபடி சுட்டான் என்பது கொடிக்குக் கொடி கோடு இழுத்தால் தெரிந்தது. ஒரே ஒரு உறையை யாராவது ஞாபகார்த்தமாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போயிருந்தாலும், அந்தக் கோடு பாதியில் நின்றிருக்கும்.