காட்சி தோல்வியில் முடியட்டும்

ஆசிரியப் பெருமக்களே, நண்பர்களே,

பாகுபாடு தவறு என்று மேடையில் நின்று சொன்னால் எந்த மாணவரும் மறுக்கமாட்டார். தலையாட்டுவார்கள், கைதட்டுவார்கள், வகுப்புக்குத் திரும்பியதும் பழையபடியே இருப்பார்கள். அந்தத் தலையாட்டலில் எனக்கு நம்பிக்கை இல்லை. அதனால்தான், பார்ப்பவர்களும் மேடையேறி நடிக்கும் 'விவாத அரங்கு' என்ற நாடக முறையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

இதை உருவாக்கியவர் பிரேசில் நாடகக்காரர் அகஸ்டோ போவால். 1971இல் ராணுவ ஆட்சி அவரைச் சிறையிலடைத்துச் சித்திரவதை செய்தது. நாட்டைவிட்டு வெளியேறியவர், 1973இல் பெருவில் ஓர் எழுத்தறிவுத் திட்டத்தில் பணியாற்றினார். அங்கே நாடகத்தில் வரும் சிக்கலுக்குப் பார்வையாளர்கள் தீர்வு சொல்வார்கள், நடிகர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். ஒரு பெண்ணுக்கு மட்டும் எப்படி நடித்தாலும் திருப்தி இல்லை; கடைசியில் அவரே மேடையேறிவிட்டார். பார்ப்பவரே நடிப்பவராகும் முறை அப்படித்தான் பிறந்தது என்று போவால் எழுதியிருக்கிறார்.

வகுப்பறைக்கு ஐந்து நிமிடக் காட்சி போதும். ஆய்வுக்கூடத்தில் நான்கு மாணவர்கள். ஒருத்தி ஒரு யோசனை சொல்கிறாள். யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. சற்று நேரத்தில் அதையே ஒருவன் சொல்ல, 'அருமை' என்கிறார்கள். 'இதைத்தானே நானும் சொன்னேன்' என்றதும், அவளுடைய உச்சரிப்பிலேயே பேசிக் காட்டிச் சிரிக்கிறார்கள். நான்காமவன் சிரிக்கவில்லை, கையேட்டைப் புரட்டுகிறான். அவள் அதற்குமேல் பேசவில்லை. காட்சி அவ்வளவுதான்.

மறுபடி அதே காட்சி. இம்முறை யாரும் 'நிறுத்து' என்று குரல்கொடுத்து அவள் இடத்துக்கு வரலாம். ஒருவர் கோபப்படுவார்; 'விளையாட்டுக்குச் சொன்னதற்கு இவ்வளவா?' என்று மடக்குவார்கள். இன்னொருவர் பொறுமையாக விளக்குவார். அதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடும். 'வாய் திறந்து சொல்ல வேண்டியதுதானே' என்று எளிதாகக் கேட்டவர்களுக்கு அது எவ்வளவு கடினம் என்று அப்போதுதான் தெரியும். பிறகு யாராவது, கையேடு புரட்டியவன் இடத்துக்கு வரலாமா என்று கேட்கக்கூடும். போவால் முறையில் பெரும்பாலும் ஒடுக்கப்பட்டவரின் இடத்துக்குத்தான் வருவார்கள். நான் இதையும் அனுமதிப்பேன். வகுப்பில் பலரும் இருக்கும் இடம் அதுதான்.

நடத்துபவரை போவால் 'ஜோக்கர்' என்றார். ஜோக்கர் தீர்ப்புச் சொல்லக்கூடாது. 'நிஜத்தில் இப்படி நடக்குமா?' என்று அவையைக் கேட்க வேண்டும். கேலி செய்தவன் ஒரே வசனத்தில் திருந்திவிட்டால் அது மந்திரம், ஏற்க வேண்டாம்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 'உனக்கு இப்படி நடந்திருக்கிறதா?' என்று எந்த மாணவரையும் எழுப்பிக் கேட்காதீர்கள். பாத்திரத்தைப் பற்றிப் பேசும் சாக்கில்தான் பலர் தம் காயத்தைத் தொடுகிறார்கள். அந்தத் திரையை விலக்குவதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்யட்டும்.