மண்டையைத் திறக்காமல் கதிர்வீச்சில் வலிப்பு நிற்குமா?

அடுத்த கேள்வி ஒரு தாயாருடையது. மகளுக்கு 26 வயது. பத்து ஆண்டுகளாக வலிப்பு. மூன்று விதமான மாத்திரை சாப்பிட்டும் மாதத்துக்கு நான்கைந்து முறை நினைவு தப்புகிறது. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில், நெற்றிப்பொட்டுக்கு உட்புறமாக இருக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி சுருங்கித் தழும்பாகியிருக்கிறதாம். அறுவை சிகிச்சை செய்யலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். "மண்டையைத் திறக்காமல் கதிர்வீச்சிலேயே சரிசெய்யலாம் என்கிறார்களே, உண்மையா? அடுத்த ஆண்டு திருமணம் பேசலாம் என்றிருக்கிறோம்" என்று எழுதியிருக்கிறார்.

உண்மைதான் அம்மா. ஆனால் உங்கள் மகளுக்கு நான் முதலில் அதைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைப் போதிய அளவில் சாப்பிட்டும் வலிப்பு அடங்கவில்லை என்றால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு என்கிறோம். வலிப்பு நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்த நிலைமை. மாத்திரையை மறந்துவிட்டு வரவழைத்துக்கொண்ட வலிப்பு இந்தக் கணக்கில் சேராது!

கதிர்வீச்சு என்றதும், புற்றுநோய்க்கு வாரக்கணக்கில் போய்வருவது நினைவுக்கு வரும். இது வேறு. ஸ்வீடனின் மூளை அறுவை நிபுணர் லார்ஸ் லெக்செல் 1951இல் முன்வைத்த யோசனை. காமா நைஃப் என்ற கருவியில் இப்போது கதிரை வீசும் 192 கோபால்ட் மூலங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கதிரும் தனியாகப் பலவீனமானது. எல்லாம் ஒரு புள்ளியில் கூடும்போதுதான் வேலை நடக்கிறது. வெயிலில் பூதக்கண்ணாடி பிடித்துக் காகிதம் பொசுக்கியிருப்பீர்களே, அதுபோல. பெரும்பாலும் ஒரே நாளில் முடிந்துவிடும். முடி மழிப்பதில்லை. கத்தி இல்லை என்று சொல்கிறோமே தவிர, தலை அசையாமலிருக்க, மரக்க ஊசி போட்டு நான்கு திருகுகளால் ஒரு சட்டம் பொருத்துவது வழக்கம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

உங்கள் மகளுக்கு இருக்கும் வகை வலிப்புக்கு, பிரான்சின் மார்சேய் நகரில் ழான் ரெஜிஸ் குழுவினர் 1993இல் இதைத் தொடங்கினார்கள். பிறகு அமெரிக்கா, பிரிட்டன், இந்தியா மூன்று நாடுகளிலும் 58 நோயாளிகளை வைத்து ஒரு நேரடி ஒப்பீடு நடந்தது. 2018இல் முடிவு வெளியானது. மூன்றாம் ஆண்டு முழுக்க நினைவு தப்பும் வலிப்பு இல்லாமல் இருந்தவர்கள், கதிர்வீச்சு பெற்ற 31 பேரில் 16 பேர். அறுவை சிகிச்சை செய்துகொண்ட 27 பேரில் 21 பேர். நூற்றுக்கு 52, 78 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் மூன்றாம் ஆண்டு என்று ஏன் பார்த்தார்கள்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. அறுவை சிகிச்சை பலித்தால் உடனே தெரியும். கதிர்வீச்சு மெல்லத்தான் வேலை செய்யும்; ஒன்றரை ஆண்டு, சிலருக்கு இரண்டு ஆண்டுகூட ஆகிறது. நடுவில், ஓராண்டு வாக்கில், அந்த இடம் வீங்கித் தலைவலி வரலாம், ஸ்டீராய்டு தேவைப்படலாம். வலிப்புக்கு முன் வரும் அறிகுறிகள் சில காலம் கூடவும் கூடும். பார்வையில் ஓர் ஓரம் மறைவது இரண்டு சிகிச்சையிலும் உண்டு. அத்தனை நாளும் மாத்திரையை நிறுத்த முடியாது. அடுப்படியில் விழுவது, குளியலறையில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு விழுவது, அரிதாகத் தூக்கத்திலேயே உயிர் போவது, எந்த ஆபத்தும் அதுவரை விலகவில்லை. நீங்கள் அடுத்த ஆண்டைப் பற்றிக் கேட்கிறீர்கள். கதிர்வீச்சு அந்த நாள்காட்டிக்கு ஒத்துவராது.

திருமணப் பேச்சு வந்ததால் ஒரு வார்த்தை. மணமகன் வீட்டாரிடம் மறைக்காதீர்கள். வலிப்பைக் காட்டித் திருமணத்தைச் செல்லாததாக்கலாம் என்றிருந்த சட்டப்பிரிவை 1999இலேயே நீக்கிவிட்டார்கள். மறைத்து மாத்திரையைத் தவறவிட்ட பெண்களுக்குத்தான் ஆபத்து அதிகம்.

அப்படியானால் கதிர்வீச்சு யாருக்கு? மயக்க மருந்தைத் தாங்க முடியாதவர்கள், எவ்வளவு விளக்கியும் அறுவை சிகிச்சை வேண்டவே வேண்டாம் என்பவர்கள். இன்னொன்று, மூளையின் அடிப்பகுதியிலுள்ள ஹைப்போதலாமஸில் ஆழமாக ஒரு சிறு கட்டி இருந்து, காரணமே இல்லாமல் சிரிப்பு சிரிப்பாக வலிப்பு வருகிற குழந்தைகள். கத்தி எட்டுவது கடினமான அந்த இடத்தில் கதிருக்கு நல்ல மதிப்பு உண்டு.

வலிப்பு வரும் நேரத்தில் மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்தபடியே படம்பிடிக்கும் வீடியோ ஈ.ஈ.ஜி. எடுத்தாகிவிட்டதா என்று நீங்கள் எழுதவில்லை. வலிப்பு அந்தத் தழும்பிலிருந்துதான் கிளம்புகிறது என்று உறுதியாகாமல் கத்தியும் வேண்டாம், கதிரும் வேண்டாம். எடுக்கவில்லை என்றால் முதல் வேலை அது. சரி, அடுத்த கேள்விக்குப் போவோம்.