கார்னகி கொடுத்த கட்டடமும் ஊர் கொடுத்த பத்து சதவீதமும்

(அமெரிக்காவின் அயோவா மாநிலத்துச் சிற்றூர் ஒன்றில், தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய சங்கத் தலைவர் அவர்களே, நேற்று இரவு பதினொரு மணிக்கும் போன் செய்து "ஐயா, இருபது நிமிடம்தான்" என்று நினைவூட்டிய செயலாளர் அவர்களே, சிறப்பு விருந்தினராக வந்திருக்கும் மேயர் அவர்களே, அவர் காதில் என் பேச்சை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கும் தம்பி, ஓய்வு பெற்ற நூலகர் அம்மையார் அவர்களே, எனக்குச் சால்வை போர்த்திய பொருளாளர் அவர்களே, அடுப்படியில் இருப்பதால் என்னிடமிருந்து தப்பித்துவிட்ட சகோதர சகோதரிகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இந்த மிட்வெஸ்ட் சிற்றூர்களின் பொதுக் கட்டடங்களில் நான்கைப் பற்றிப் பேசுகிறேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். பள்ளிக்கூடம், கோர்ட்டு, தபாலாபீஸ், நூலகம். நான் எங்கே பேசினாலும் சொல்லும் பழமொழி உங்களுக்குத் தெரியும்: ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும். இன்றைக்கும் அதுதான்.

முதலில் பள்ளிக்கூடம். 1785-ஆம் ஆண்டு நிலச் சட்டப்படி, ஒஹாயோவில் தொடங்கி மேற்கே நிலத்தை ஆறு மைலுக்கு ஆறு மைல் சதுரங்களாக அளந்தார்கள். ஒரு சதுரத்துக்கு 36 பங்கு. அதில் 16-ஆம் எண் போட்ட பங்கு பள்ளிக்கென்று ஒதுக்கப்பட்டது. ஊரே உருவாகாத இடத்தில் பள்ளிக்கு மானியம்! அந்த நிலம் யாரிடமிருந்து பறிக்கப்பட்டது என்பது தனிப் பேச்சு. அதையும் ஒருநாள் இந்த மேடையில் பேச வேண்டும்.

இப்போது கோர்ட்டு. கவுண்டிக்கு, அதாவது நம்மூர் மாவட்டம் போன்ற பிரிவுக்கு, தலைநகர் எந்த ஊரோ அங்கேதான் கோர்ட்டு, நிலப்பதிவு, வரி வசூல் எல்லாம். அது கிடைத்த ஊரில் கடை பெருகும், கிடைக்காத ஊர் காற்று வாங்கும். அதனால் வந்த சண்டைகளில் ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

கான்சஸில் கிரே கவுண்டி. அங்கே சிமரன், இங்கால்ஸ் என்று இரண்டு ஊர், நடுவே சில மைல்தான். இங்கால்ஸுக்குப் பின்னால் ஏசா சூல் என்ற செல்வர். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர்காரர். 'ஹாப் பிட்டர்ஸ்' என்று ஒரு சர்வரோக நிவாரணி மருந்தை விற்றுச் சம்பாதித்தவர். நம்மூர்ச் சந்தையில் லேகியம் விற்பவரைப் பார்த்திருப்பீர்களே, அவரே கோடீஸ்வரரானால் எப்படி, அப்படி! 1887-இல் தேர்தல் நடந்தது. நாங்கள்தான் ஜெயித்தோம் என்றது சிமரன், இல்லை நாங்கள்தான் என்றது இங்கால்ஸ். வழக்கு இழுத்தது. ஆனால் பதிவேடுகள் சிமரனில் இருந்தன. பதிவேடு இருக்கிற இடம்தானே தலைநகர்?

1889 ஜனவரி 12, சனிக்கிழமை. இங்கால்ஸ்காரர்கள் டாட்ஜ் சிட்டியிலிருந்து துப்பாக்கிக்காரர்களைக் கூலிக்குப் பிடித்தார்கள். பில் டில்மன், அந்தப் பக்கத்தில் ஷெரிப்பாக இருந்த பேட் மாஸ்டர்சனின் தம்பி ஜிம் மாஸ்டர்சன் போன்ற பேர்போன ஆட்கள். நேராகச் சிமரன் கோர்ட்டு வாசலில் குதிரை வண்டியை நிறுத்தினார்கள். சிலர் மாடிக்கு ஏறிப் பதிவேடுகளை அள்ளிக் கீழே கொண்டுவந்து அடுக்கினார்கள். ஊருக்குச் செய்தி பரவியது. ஆளாளுக்குத் துப்பாக்கியோடு ஓடிவந்து சுட ஆரம்பித்தார்கள். வண்டி கிளம்பிப் பறந்துவிட்டது. மாடியில் இருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள்! கீழ்த்தளத்தில் நின்றவர்கள் கூரையைப் பார்த்துச் சுட்டார்கள். அது மேலே இருப்பவனுக்குத் தரையல்லவா? காலுக்கடியிலிருந்து குண்டு வந்தால் எங்கே போய் நிற்பது? கடைசியில் சரணடைந்தார்கள். சிமரன்காரர் ஒருவர் செத்துப்போனார். வழக்கு நடந்து, இங்கால்ஸ் பக்கம் சுட்டவர்கள் விடுதலையானார்கள். இவ்வளவும் நடந்த பிறகு, 1893-இல் தலைநகர் மறுபடியும் சிமரனுக்கே போனது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும், சரி; இங்கே இரண்டு ஊர் கூடி ஆளுக்கொரு பக்கம் இழுத்தன.

செயலாளர் மணி அடிக்கிறார். தபாலாபீஸைச் சுருக்குகிறேன். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில், கட்டடச் செலவில் ஒரு சதவீதம்போல ஒதுக்கி அதன் சுவர்களில் ஓவியம் தீட்டவைத்தது மத்திய அரசின் கருவூலத் துறை. அறுவடையும் ரயிலுமாக அந்தந்த ஊரின் கதை. 2011-இல் ஏறத்தாழ 3,700 தபாலாபீஸ்களை மூடலாமா என்று பட்டியல் போட்டார்கள். ஊர்கள் சத்தம் போட்டன. அடுத்த ஆண்டு, மூடுவதற்குப் பதிலாக வேலை நேரத்தைக் குறைத்தார்கள். சத்தம் போட்டதில் கொஞ்சமாவது மிஞ்சியது.

இனி நூலகம். இதற்காகத்தான் வந்தேன். எஃகுத் தொழிலில் பெரும் செல்வரான ஆண்ட்ரூ கார்னகி இந்த நாட்டில் 1,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்களுக்குப் பணம் கொடுத்தார். அதிகம் பெற்ற மாநிலம் இந்தியானா. நம் அயோவாவில் சுமார் நூறு. ஆனால் சும்மா கொடுக்கவில்லை. மனை ஊருடையது, கொடுத்த தொகையில் பத்து சதவீதத்தை ஊர் ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். 10,000 டாலர் வாங்கினால் வருடம் 1,000 டாலர். அவருடைய செயலாளர் ஜேம்ஸ் பெர்ட்ராம் கறாரான மனிதர். தூண், குவிமாடம் என்று பணத்தை இறைத்தால் பிடிக்காது. 1911-இல் அவர் அச்சிட்டு அனுப்பிய குறிப்பில், ஜன்னல்கள் தரையிலிருந்து ஆறேழு அடி உயரத்தில் இருக்கட்டும் என்கிறார். அப்போதுதான் சுவர் நெடுகப் புத்தக அலமாரி நிற்கும். நம் ஊர் நூலகத்தில் ஜன்னல் ஏன் எட்டவில்லை என்று கேட்டீர்களே, இதுதான் காரணம்.

அந்தப் பத்து சதவீதத்துக்காக வீடு வீடாக அலைந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் மன்றங்களைச் சேர்ந்தவர்கள். 1894-இல் அயோவா சட்டமன்றம், ஊர் கடன் வாங்கவோ வரி உயர்த்தவோ நடக்கும் வாக்கெடுப்புகளில் பெண்களுக்கு ஓட்டு கொடுத்தது. ஜனாதிபதித் தேர்தலில் ஓட்டில்லை, ஊர்ச் செலவில் உண்டு!

நம் நூலகக் கட்டடத்தை விற்றுவிடலாம் என்று இப்போது நகர மன்றத்தில் பேச்சு. வாசல் படிகளில் சக்கர நாற்காலி ஏறாது என்கிறார்கள். உண்மைதான், மேயர் அவர்களே, மறுக்கவில்லை. பக்கவாட்டில் லிஃப்ட் வைத்த ஊர்கள் இருக்கின்றனவே! "எங்களுக்கு இன்னும் கிரீன் கார்டுகூட வரவில்லை, எங்களுக்கென்ன" என்று பின்வரிசையில் யாரோ சொல்வது கேட்கிறது. வீட்டு வரி கட்டுகிறீர்களா இல்லையா? வாடகைக்கு இருந்தாலும் அந்த வரி வாடகைக்குள்தான் இருக்கிறது. ஓட்டுப் போட முடியாவிட்டாலும் பேசலாம். ஊர் கூடித்தான் தேர் இழுக்கணும்; வடத்தைப் பிடிக்கக் குடியுரிமை கேட்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஏழு மணிக்கு நகர மன்றக் கூட்டம். வாசலில் மேசை மேல் கையெழுத்துத் தாள் வைத்திருக்கிறேன், பக்கத்திலேயே பேனாவும் இருக்கிறது. கூட்டத்தில் ஆளுக்கு மூன்று நிமிடம்தான் தருவார்கள். துப்பாக்கிச் சண்டைக் கதையெல்லாம் அங்கே எடுக்காதீர்கள், லிஃப்ட்டைப் பற்றி மட்டும் பேசுங்கள். நன்றி, வணக்கம்.